"கேமுக்கு இது நல்ல கதை" என்ற சலுகை இனியும் தேவையா?

கடைசிப்பக்கம் எழுதியது:

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வீடியோ கேம் விளையாடி வருகிறேன்; அதைவிட அதிக காலமாகப் புனைகதை வாசித்து வருகிறேன். இவ்விரண்டு பழக்கங்களும் எனக்குள் மோதிக்கொள்ளும் இடத்தைப் பற்றித்தான் இந்த இழையில் பேச விரும்புகிறேன்.

சென்ற மாதம் ஒரு பெரிய திறந்த உலக கேமை முடித்தேன். ஏறத்தாழ 60 மணி நேரம் பிடித்தது. அதன் கதையைப் பலரும் வானளாவப் புகழ்ந்திருந்தார்கள். நான் கண்டதைச் சொல்கிறேன். ஓர் அண்ணனும் தங்கையும் தங்கள் தந்தை இறந்த விதத்தை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்கிறார்கள். இருவரும் உடனிருந்து பார்த்த சாவு அது, எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பேசப்படுகிறது. கூட வரும் தோழர்கள் ஐந்து பேரும் இரவில் நெருப்பருகே அமர்ந்து, முறை வைத்துக்கொண்டு, ஒரே தாளகதியில் தங்கள் பழைய துயரத்தை ஒப்பிக்கிறார்கள். பெயர்களை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் படித்தால் யார் பேசுகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. வில்லன் கையில் ஆயுதத்தை வைத்துக்கொண்டு நான்கு நிமிடம் தன் கொள்கையை விளக்குகிறான். இதே எழுத்து நாவலாக வந்திருந்தால் பத்தாம் பக்கத்தில் மூடி வைத்திருப்பேன்.

இதைச் சொன்னால் நண்பர்களிடமிருந்து வரும் பதில், "கேமுக்கு இது நல்ல கதைதானே" என்பது. அந்த நான்காம் வேற்றுமை உருபில்தான் என் மனத்தாங்கல் முழுவதும் இருக்கிறது. 1999இலேயே பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் என்ற கேம் வந்துவிட்டது. பிணவறை மேடையில் நினைவிழந்து கண்விழிக்கும், சாவே இல்லாத ஒருவனை வைத்து, மனிதனின் இயல்பை எது மாற்றும் என்ற ஒரே கேள்வியைக் கடைசிவரை விடாமல் துரத்திய ஆக்கம் அது. அப்போதே அது முடிந்தது என்றால், இத்தனை ஆண்டுகள் கழித்தும் நாம் ஏன் சலுகை மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறோம்?

மின்மினி எழுதியது:

நீங்கள் சொல்லும் குறைகள் அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கையில் எடுத்திருக்கும் அளவுகோல் நாவலுடையது என்பதுதான் என் தயக்கம். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். முடிவைச் சொல்லப் போகிறேன் என்பதால், விளையாடாதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிச் செல்லவும்.

2013இல் வந்த பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ் என்ற கேமில் நமக்குப் புரிகிற ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை, பாத்திரங்கள் பேசுவது கற்பனை மொழி. கண்ட்ரோலரின் இடப்பக்கக் குச்சி அண்ணன், வலப்பக்கக் குச்சி தம்பி. ஏதேனும் செய்ய வேண்டுமானால் இருவருக்கும் தனித்தனியே ஒரு பொத்தான். தாய் நீரில் மூழ்கி இறந்ததால் தம்பிக்குத் தண்ணீர் என்றாலே அச்சம். எங்கே நீந்த வேண்டி வந்தாலும் அண்ணனின் முதுகைப் பற்றிக்கொண்டுதான் வருவான். பிற்பகுதியில் அண்ணன் இறந்துபோகிறான். அவனைப் புதைத்துவிட்டு, நோயுற்ற தந்தைக்கான மருந்தோடு தம்பி ஊர் திரும்பும்போது, குறுக்கே தண்ணீர் நிற்கிறது. வலப்பக்கப் பொத்தானை அழுத்துகிறோம், அவன் பின்வாங்குகிறான். பலமுறை அழுத்தியும் பயனில்லை. நெடுநேரமாகச் சும்மா கிடந்த இடக்கை விரலால் அண்ணனின் பொத்தானை அழுத்தியதும், அவன் தண்ணீரில் இறங்கி நீந்துகிறான்.

அந்த இடத்தில் என் இடக்கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. "அண்ணனின் துணிவு அவனுக்குள் வந்தது" என்ற வாக்கியத்தை எவ்வளவு நயமாக எழுதினாலும், அதை வாசிக்கத்தான் முடியும். இங்கே அந்த வாக்கியத்தை என் விரல் எழுதியது.

கடைசிப்பக்கம் எழுதியது:

அந்தக் காட்சியின் வலிமையை மறுக்கவில்லை. ஆயினும் அது வடிவமைப்பின் வெற்றி. நான் கேட்டது எழுத்தைப் பற்றி. வடிவமைப்பு சிறப்பாக இருக்கும் இடங்களைக் காட்டி எழுத்தின் வறுமையை மூடிவிடக் கூடாது என்றே கருதுகிறேன்.

நெடுவழி எழுதியது:

இந்தப் பிரிவினையோடுதான் எனக்கு உடன்பாடில்லை. நம் திரைப்படங்களின் பெயர்ப்பட்டியலில் கதை, திரைக்கதை, வசனம் என்று மூன்றையும் தனித்தனியே போடுவது நெடுநாள் வழக்கம். வசனமே எழுத்து என்று அங்கே எவரும் நினைப்பதில்லை. எந்தக் காட்சிக்குப் பின் எது வரவேண்டும், எதைக் காட்டாமல் விடவேண்டும் என்று முடிவு செய்வதும் எழுத்தாளரின் வேலையே. கேமில் மட்டும் ஏன் எழுத்தை வசனத்துக்குள் அடைக்கிறோம்?

சொல்லும் கையும் சேர்ந்து இயங்கும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். 2017இல் வெளிவந்த வாட் ரிமெயின்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச் கேமில், மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்யும் லூயிஸ் என்ற இளைஞனின் பகுதி வருகிறது. வலக்கையால் ஒரு மீனைப் பிடித்து, வெட்டுக்கத்திக்கு அடியில் இழுத்து, தலையைத் துண்டித்து, பட்டையில் எறிய வேண்டும். அடுத்த மீன் வந்து விழும். இதுவே திரும்பத் திரும்ப நடக்கிறது. இதற்கிடையே அவனைப் பார்த்துவந்த மனநல மருத்துவர் அவன் தாய்க்கு எழுதிய கடிதம் பின்னணியில் வாசிக்கப்படுகிறது. அவனுடைய பகற்கனவு திரையின் ஓரத்தில் சிறு வழிப்புதிராகத் தோன்றுகிறது. அதில் நடப்பது இடக்கையின் வேலை. கனவு சிறிது சிறிதாக விரிந்து, ஆலையை மறைத்து, திரை முழுவதையும் நிரப்பிவிடுகிறது. ஆனால் வலக்கை நிற்பதில்லை. கண் அரண்மனையில் இருக்க, கை மீனை வெட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு கட்டத்தில் வெட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதே மறந்துபோகிறது. கடிதத்தின் வரிகள் எளிமையானவை, தனியே எடுத்து மேற்கோள் காட்டத் தக்கவை என்றுகூடச் சொல்ல மாட்டேன். கை ஒரு வேலையில் இருக்கும்போது காதில் விழுவதற்கென்றே எழுதப்பட்டதால், அந்த எளிமை அங்கே சரியான அளவாகப் பொருந்துகிறது. இதை எழுத்து அல்ல என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உளிச்சத்தம் எழுதியது:

சில ஆண்டுகள் கேம் வசனம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில் இதில் கலந்துகொள்கிறேன். கடைசிப்பக்கம் காட்டிய குறைகளில் பலவற்றை நானே செய்திருக்கிறேன். அவை எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது லெவல்கள், அதாவது கேமின் தனித்தனிக் கட்டங்கள், பாதிக்கு மேல் கட்டி முடிக்கப்பட்டிருந்தன. எந்தப் பாலம் இடியும், எந்தக் கோபுரத்தில் சண்டை நடக்கும் என்பதெல்லாம் முடிவாகிவிட்டிருந்தது. நாயகன் அந்தக் கோபுரத்துக்கு ஏன் போகிறான் என்பதற்குக் காரணம் கண்டுபிடிப்பதே என்னிடம் தரப்பட்ட வேலை. எழுதினேன். குரல் கொடுப்பவர்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். இரண்டு மாதம் கழித்து, நேரம் போதவில்லை என்று நடுவிலிருந்த ஒரு லெவலை நீக்கிவிட்டார்கள். இரண்டு தோழர்கள் கடுமையாகச் சண்டையிட்டுக்கொள்ளும் காட்சி அந்த லெவலில்தான் இருந்தது. அவர்கள் சமாதானமாகும் காட்சியோ அடுத்த லெவலில் அப்படியே நின்றது. குரல் கொடுத்தவரை மறுபடி அழைக்கப் பணம் இல்லை. முன்பே பதிவு செய்திருந்தவற்றில் தேடி, "நேற்று நடந்ததை மறந்துவிடு" என்ற ஒரு வரியை எடுத்து வானொலிக் குரலாக ஒட்டினோம். வெளியான பின், அவ்விருவரின் உறவு காரணமில்லாமல் மாறுகிறது என்று விளையாடியவர்கள் எழுதினார்கள். அவர்கள் சொன்னது முற்றிலும் சரி.

அண்ணன் தங்கை உரையாடலுக்கு வருகிறேன். நாவல் வாசிப்பவர் மறந்துபோனால் பக்கத்தைப் பின்னோக்கித் திருப்பிக்கொள்வார். கேம் விளையாடுபவர் இரண்டு வாரம் விட்டுவிட்டு வந்து, நடுவழியில் சேமித்த இடத்திலிருந்து தொடங்குகிறார். வெளியீட்டுக்கு முன் விளையாடிச் சோதிக்க வந்தவர்களில் சிலர், யாரைத் தேடிப் போகிறோம் என்பதே நினைவில்லை என்று எழுதிக் கொடுப்பார்கள். உடனே ஒரு கூட்டம் நடக்கும்; அதன் முடிவில் "ஒரு வரி சேர்த்துவிடுங்கள்" என்பார்கள். அந்த ஒரு வரிகள் சேர்ந்து சேர்ந்துதான் நீங்கள் கேட்ட ஒப்பித்தல் உருவாகிறது.

வெளியே அதிகம் தெரியாத இன்னொரு வேலையும் உண்டு. எதிரி வீரர்கள் சண்டையின்போது கத்தும் சிறு வரிகளை எங்கள் தொழிலில் பார்க் என்பார்கள். குரைப்பு என்று பொருள். "அவன் எங்கே போனான்?" என்பதை நாற்பது விதமாக எழுதுவேன். ஒவ்வொன்றும் இரண்டு நொடிக்குள் முடிய வேண்டும். நெருங்கிய நண்பனை இழந்தவனும் சொல்லலாம், இப்போதுதான் வேலைக்கு வந்தவனும் சொல்லலாம், ஆகவே எவனுக்கும் பொருந்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வரி நன்றாக இருந்துவிடக் கூடாது. நினைவில் நிற்கும் அளவுக்கு நயமான வரி இரண்டாம் முறை காதில் விழும்போதே உறுத்தத் தொடங்கிவிடும், பத்தாம் முறை அது அந்தச் சண்டையையே கெடுத்துவிடும். நல்ல வாக்கியம் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவனுக்கு, மறந்துபோகும்படி எழுதக் கற்றுக்கொள்வது எளிதாக இருக்கவில்லை.

கிளைக்கதைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு இடங்களில் மூன்று மூன்று தெரிவுகள் தந்து, எதையும் மறுபடி இணைக்காமல் விட்டால், 81 முடிவுகள் எழுத வேண்டும். அதனால்தான் கிளைகள் சற்றுத் தூரம் பிரிந்து ஓடிவிட்டு மீண்டும் ஒரே வாசலில் வந்து சேர்கின்றன. 2020இல் முழுமையாக வெளிவந்த ஹேடீஸ் என்ற கேம் இதற்கு வேறு வழி கண்டது. நாயகன் சாவதும் திரும்பி வருவதும் கதையிலேயே நடப்பதால், ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் வீட்டில் இருப்பவர்களிடம் புதிதாகப் பேச ஏதாவது இருக்கிறது. அதற்காக 20,000க்கும் மேற்பட்ட வசனங்களைப் பதிவு செய்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அதற்கு, அறிவியல் புனைகதைக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருது கிடைத்தபோது, இத்தொழிலில் இருந்தவர்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

சொல்தேடி எழுதியது:

உளிச்சத்தம் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விருப்பத்தின் பேரில் ஒரு சிறிய உரைவழி கேமைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் வந்தது ஓர் அட்டவணை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வரி. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்ற குறிப்பு இல்லை.

"நீ இன்ன பொருளை எடுத்தாய்" என்ற வார்ப்பில் பொருளின் பெயரை மட்டும் நிரல் மாற்றிப் போடுகிறது. மூலமொழியில் அது சிக்கலின்றி நடந்துவிடுகிறது. தமிழில் வாள் என்பது வாளை ஆகும், ஓடு என்பது ஓட்டை ஆகும், மரம் என்பது மரத்தை ஆகும். எல்லாவற்றுக்கும் ஒரே உருபை ஒட்டினால் பிழையான தமிழ்தான் திரையில் வரும். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வடிவங்களைத் தனியே எழுதிக் கொடுத்து இதைச் சரிசெய்தேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் முன்னிலைப் பெயர். "வா" என்பதா, "வாருங்கள்" என்பதா, "வாடா" என்பதா? மூல ஆசிரியருக்கு எழுதிக் கேட்டேன். சில பாத்திரங்களுக்கு உடனே தெளிவான விடை வந்தது. வேறு சிலருக்கு, தாம் அதைப் பற்றி யோசித்ததே இல்லை என்றார். அந்தச் சிலருடைய உரையாடல்களைத் திரும்பப் படித்தபோது, கேமின் மிகப் பலவீனமான பகுதிகளும் அவையாகவே இருக்கக் கண்டேன். நீயா, நீங்களா என்று முடிவுசெய்ய இயலாத இடத்தில், அவ்விருவருக்கும் இடையிலான உறவே எழுதப்படாமல் இருந்தது. கடைசிப்பக்கம் சொன்ன அந்த ஐந்து தோழர்களையும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

நெடுவழி எழுதியது:

சொல்தேடியின் சோதனையை 2019இல் வந்த டிஸ்கோ எலிசியம் என்ற கேமின் மீது வைத்துப் பார்த்தேன். நாயகனோடு சேர்ந்து துப்பறியும் கிம் கிட்சுராகி பேசும் எந்த வரியைத் தமிழில் நினைத்தாலும் "நீங்கள்" என்றே வருகிறது, எங்கும் தடுமாற்றம் இல்லை. குடித்து நினைவிழந்து, தன் பெயரே தெரியாமல் நிற்கும் ஒரு துப்பறிவாளரிடம் அந்த மரியாதையை அவர் கடைசிவரை விடாமல் காப்பதுதான் அவர்களுடைய நட்பு.

பத்து லட்சம் சொற்கள் அளவுக்கு அதில் எழுத்து இருக்கிறது என்பார்கள். அளவைக் காட்டி அதைப் புகழ்வது எனக்கு ஏற்புடையது அன்று. அதில் 24 திறன்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் நாயகனின் தலைக்குள் தனிக் குரலில் பேசுகிறது. தர்க்கம் ஒன்று சொல்லும், பச்சாதாபம் வேறொன்று சொல்லும், அதிகார வெறி இரண்டையும் மறுத்துக் கத்தும். ஒரு திறனை உயர்த்தினால் அந்தக் குரல் உரத்துப் பேசும். உரத்துப் பேசுவதால் சரியாகச் சொல்லும் என்று பொருளில்லை. மனத்தின் உள்முரணைக் காட்ட நாவல்கள் பல உத்திகளைக் கண்டிருக்கின்றன. அந்த முரணில் எந்தக் குரலுக்குத் தீனி போட்டு வளர்ப்பது என்ற பொறுப்பை வாசகரிடமே கொடுத்தது இங்கேதான் எனக்குக் கிடைத்தது.

கடைசிப்பக்கம் எழுதியது:

உளிச்சத்தம் சொன்ன காரணங்களை மதிக்கிறேன். காரணம் தெரிவதாலேயே குறை இல்லாமல் போய்விடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனினும் இந்த மறுமொழிகளைப் படித்த பின், வாக்கியங்களின் தரத்தைவிட ஆழமான வேறொரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டிருந்தது என்று புரிகிறது.

கட்சீனில், அதாவது நாம் விளையாடாமல் பார்க்க மட்டும் வரும் காட்சியில், நாயகன் ஒரு கொலைக்காக மனம் உடைந்து அழுகிறான். அது முடிந்ததும் நான் அவனை வைத்து முப்பது பேரைச் சுட்டுவிட்டு, அவர்களுடைய சட்டைப் பைகளில் தோட்டா தேடுகிறேன். அழுகையை எழுதியவர் என்ன எழுதியிருந்தாலும் அது பொய்யாகிவிடுகிறது. கதை ஒன்று சொல்ல, விளையாட்டு வேறொன்று சொல்லும் இந்த முரணுக்கு, கிளின்ட் ஹாக்கிங் என்ற வடிவமைப்பாளர் 2007இல் பயோஷாக் என்ற கேமைப் பற்றி எழுதியபோது லூடோநெரேட்டிவ் டிஸனன்ஸ் என்று பெயரிட்டார். அதற்குப் பின் அந்தப் பெயர் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. நோய் மட்டும் தீரவில்லை.

2012இல் வந்த ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன் என்ற போர் கேம் இதை நேருக்கு நேர் எதிர்கொள்ள முயன்றது. வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டுகளை வீசச் செய்து, பின் எரிந்து கிடக்கும் பொதுமக்கள் நடுவே நம்மை நடக்க வைத்தது. எனக்கு அது நேர்மையான காட்சியாகப் படவில்லை. குண்டு வீசாமல் முன்னே போக வழியே வைக்காமல், வீசிய பிறகு என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

மின்மினி எழுதியது:

அப்படியானால் 2013இன் தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமின் முடிவையும் நீங்கள் ஏற்க மாட்டீர்களா? அங்கேயும் தெரிவு இல்லை. எல்லி என்ற சிறுமியின் உயிரைப் போக்கவிருக்கும் அறுவைக்காக அரங்கில் நிற்கும் மருத்துவரைக் கொல்லாமல் கதை நகராது.

கடைசிப்பக்கம் எழுதியது:

ஏற்கிறேன். ஏன் ஏற்கிறேன் என்று நேற்றிரவு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டிலும் என் கை கட்டப்பட்டிருக்கிறது என்பது உண்மை. ஸ்பெக் ஆப்ஸில் பழி என் மீது வருகிறது; காத்திருப்புத் திரையிலேயே, இப்போதாவது உன்னை நாயகனாக உணர்கிறாயா என்னும் பொருளில் கேட்கிறார்கள். லாஸ்ட் ஆஃப் அஸ் என்னிடம் எதையும் கேட்பதில்லை. அந்த அரங்குக்குள் நுழைவதற்கு முன் பல மணி நேரம் நாயகன் ஜோயலோடு நடந்திருக்கிறேன். மகளை இழந்த அவன் எல்லியை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் வேண்டாம் என்று நினைக்கும்போதே என் விரல் அவனுக்காக அழுத்துகிறது. அவன் செய்வதை என்னால் தடுக்க முடியவில்லை என்பதே அவனைப் பற்றிய கடைசி உண்மை. பிறகு அவன் எல்லியிடம் பொய் சொல்லும்போது, உடன் நின்ற சாட்சியாக அதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவே என் முதல் பதிவில் ஒரு திருத்தம் செய்துகொள்கிறேன். எழுத்தையும் வடிவமைப்பையும் பிரித்தது தவறு. ஆனால் சலுகை வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். கையும் சொல்லும் சேர்ந்தே எழுத்து என்றால், அந்த நெருப்பருகு ஒப்பித்தல் இரண்டு மடங்கு தோல்வி. அங்கே என் கைக்கும் வேலையில்லை, சொல்லிலும் உயிரில்லை. உளிச்சத்தம் அவர்களிடம் ஒரு கேள்வி: நீங்கள் இருந்த இடத்தில், அந்தக் கூட்டங்களுக்கு நடுவிலும், சரியாக அமைந்த இடம் என்று ஏதாவது உண்டா?

உளிச்சத்தம் எழுதியது:

ஒன்று உண்டு. நாயகி பல ஆண்டுகளுக்குப் பின் தன் பழைய வீட்டுக்குள் நுழையும் இடம். அவள் கதவைத் திறந்ததும் பேசுவதற்காக நான்கு வரிகள் எழுதியிருந்தேன், தாயைப் பற்றியவை. மூன்று நாள் உட்கார்ந்து செதுக்கிய வரிகள், எனக்கு மிகவும் பிடித்தவை. தற்காலிகக் குரலில் பதிவு செய்து சோதனைக்கு விட்டோம்.

சோதிக்க வந்தவர்களின் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் ஒரு நாற்காலி மேசையிலிருந்து சற்றே விலகியிருந்தது. லெவல் கட்டியவர் எந்த நோக்கமும் இல்லாமல் வைத்தது. நாற்காலிகளை நகர்த்தும் வசதி வேறொரு புதிருக்காக முன்பே நிரலில் இருந்ததால், இதையும் நகர்த்த முடியும். அன்று வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், அந்த வரிகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, எவரும் சொல்லாமல், அந்த நாற்காலியிடம் போய் அதை மேசைக்கு அருகே சரியாகத் தள்ளி வைத்தார்கள். அதனால் எந்தப் புள்ளியும் கிடைக்காது, எந்தக் கதவும் திறக்காது. ஒருவர் தள்ளி வைத்துவிட்டு, கண்ட்ரோலரைத் தொடாமல் சிறிது நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே அட்டவணையைத் திறந்து அந்த நான்கு வரிகளையும் நீக்கினேன். லெவல் கட்டியவரிடம் போய், அந்த நாற்காலியை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.